தெம்பனிஸிலிருந்து 15 நிமிடத்தில் தாய்லாந்து

உள்ளூர் விடுதியிலேயே விடுமுறையைக் கழிக்கும் ஸ்டேகேஷன் போனால் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிங்கப்பூரில் ஒரு ரிசார்ட்டில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் வெள்ளியில் பேங்காக்கில் நல்ல ஹோட்டலாகவே பார்த்து இரண்டு இரவு தங்கிவிடலாம். விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். இதெல்லாம் தெரிந்தேதான் செப்டம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேரும் சாங்கிப் பக்கம் உள்ள ஒரு தாய்லாந்து பாணி ரிசார்ட்டுக்குப் போனோம். பெயர் வேண்டாம். நல்லதும் சொல்லப் போகிறேன், குறையும் சொல்லப் போகிறேன்.

காரணம் என் மாமியாரின் முழங்கால். அத்தைக்கு 74 வயது. பேங்காக் போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஷாப்பிங்குக்காக இல்லை. அங்கே ராட்சத ஊஞ்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் தேவஸ்தான் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுத் தொடக்கத்துச் சடங்கில் திருவெம்பாவை ஓதுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டார். மார்கழி தவறாமல் பாடுகிறவர். கோயில் தோழிகள் வேறு சீலோம் மாரியம்மனையும் எரவான் சந்நிதியின் நான்முகப் பிரம்மாவையும் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லியிருந்தார்கள். ஆனால் விமான நிலைய நடையும், அந்த ஊர் நடைபாதை மேடு பள்ளமும், வான்ரயில் நிலையப் படிகளும் அவருக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

நான் ரிசார்ட் யோசனையைச் சொன்னதும் என் கணவர் சிரித்தார். “பிரம்மாவைப் பாக்கணும்னு சொன்ன அம்மாவ நீச்சல் குளம் பாக்கக் கூட்டிட்டுப் போறியா?”

நியாயமான கேள்விதான். தாய்லாந்து பாணி என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பாதிக்கு மேல் வெறும் ஜோடனை. மரச் சிற்பம் நாலு, லெமன்கிராஸ் வாசனை, சுவரில் யானை, முடிந்தது. அதனால் முன்பதிவு செய்யுமுன் நான் பார்த்தவை சில.

முதலில் புத்தர் எங்கே இருக்கிறார் என்று படங்களில் தேடினேன். மது அருந்தகத்தின் அலமாரியிலோ, குளத்து ஓரத்திலோ, கழிவறைக்குப் போகும் வழியிலோ புத்தர் தலை இருந்தால் அந்த இடத்தை வடிவமைத்தவருக்குத் தாய்லாந்து தெரியாது. அங்கே புத்தர் வழிபாட்டுக்கு உரியவர். அலங்காரப் பொருளாக வைக்காதீர்கள் என்று பேங்காக்கில் சாலையோரப் பெரும்பலகைகளே உண்டு. புத்தர் சிலையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். இரண்டாவது, கூரை. கூரையின் நுனியில் பறவைக் கழுத்தைப் போல வளைந்து நீளும் சோஃபா என்ற அணி கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் உரியது. பானக் கடைக்குமேல் அதை ஒட்டவைத்திருந்தால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். மூன்றாவதுதான் உண்மையில் முக்கியம். தொலைபேசியில் கூப்பிட்டு, சமையலறையில் தாய்லாந்துக்காரர் இருக்கிறாரா, மசாஜ் செய்கிறவர்கள் எங்கே பயின்றவர்கள் என்று கேட்டேன். ஓரிடத்தில் பதிலே வரவில்லை. இங்கே தொலைபேசியை எடுத்த பெண் சமையலறைக்கே இணைப்பைக் கொடுத்துவிட்டார்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகச் சிங்கப்பூர் வந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். அறை விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரி அறை விலைக்கு மட்டுமல்ல, சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே. ஆக 400 வெள்ளி என்று கண்ணில் படுவது கையைவிட்டுப் போகும்போது 479 வெள்ளி 60 காசு. சாப்பாட்டுக்கும் மசாஜுக்கும் இதே கணக்குதான். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று மனத்தில் வைத்துக்கொண்டு விலைப்பட்டியலைப் பாருங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை விலை இறங்கும். வெள்ளி, சனி எகிறும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்ச் செவ்வாய்க்கிழமை திரும்பினோம்.

பெரியவர் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் ஓர் அறை போதாது. பெரும்பாலும் ஓர் அறைக்கு இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள்தான் கணக்கு. இடையில் கதவு வைத்த இரண்டு அறைகள் வேண்டும் என்று இணையத்தில் டிக் செய்தால் அது வெறும் வேண்டுகோளாகத்தான் பதிவாகும். கூப்பிட்டுப் பேசி, மின்னஞ்சலில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். அத்தைக்குக் குளியலறையில் பிடிமானக் கம்பியும் நாற்காலியும் வேண்டும் என்று அதே மின்னஞ்சலில் எழுதினேன். நாற்காலி வந்தது. கம்பி இல்லை. ஈரமானால் வழுக்கும் கருங்கல் தரை வேறு. ரிசார்ட் கட்டுகிறவர்கள் ஏன் வயதானவர்களை நினைப்பதே இல்லை என்று எனக்குப் புரிவதில்லை. வீட்டிலிருந்து வழுக்காத ரப்பர் விரிப்பை எடுத்துப்போனது நல்லதாகப் போயிற்று.

அறை மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கும், மறுபடி நண்பகலில் காலி செய்யவேண்டும். ஆனாலும் காலையிலேயே போய்ப் பெட்டியை வைத்துவிட்டுக் குளத்தையும் தோட்டத்தையும் பயன்படுத்தலாம். பல இடங்களில் விடுவார்கள், கேட்கத்தான் வேண்டும். தெம்பனிஸில் எங்கள் புளோக்கிலிருந்து கிராப் வாடகைக் கார் எடுத்தால் 15 நிமிடம். பிள்ளைகளுக்கு அதுவே ஏமாற்றம். “அம்மா, இது நம்ம நூலகம் போற வழி” என்றான் சின்னவன்.

வாசலில் நின்ற இளைஞர் கைகூப்பி “சவாதி க்ராப்” என்றார். அத்தை பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அவரும் சிரித்துவிட்டார். ஜொகூர் பாருவில் வளர்ந்த தமிழ்ப் பையன். “வாங்க பாட்டி, உள்ள குளிரா இருக்கும், சால்வை இருக்கா?” என்று கேட்டபடி கையைப் பிடித்து அழைத்துப் போனார். தாய்லாந்து வணக்கத்தில் இளையவர்தான் முதலில் கைகூப்பவேண்டும், எதிரில் இருப்பவரின் மதிப்புக்கேற்பக் கூப்பிய கை உயரும். துறவிக்குத்தான் இருப்பதிலேயே உயரம். விடுதி ஊழியர் வணங்கும்போது விருந்தினர் அப்படியே திருப்பிச் செய்யவேண்டிய அவசியமில்லை, தலையசைத்துப் புன்னகைத்தால் போதும். இதை என் மகளுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை, இரண்டு நாளும் துடைப்பக்காரர்வரை எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே திரிந்தாள். யாருக்கும் வருத்தமில்லை.

பானம் வந்தது. சங்குப்பூ சாறு, கரு நீலம். எலுமிச்சையைப் பிழிந்ததும் ஊதாவாக மாறும். பிள்ளைகள் அதிலேயே பத்து நிமிடம் ஓட்டினார்கள். கூடவே மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு சிறு பூச்சரம். அத்தை அதை மூக்குக்கு அருகே கொண்டுபோய், பிறகு கண்ணுக்கு அருகே கொண்டுபோய், நகத்தால் ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, இது எருக்கம்பூ இல்ல?”

எருக்கேதான். மல்லிகை மொட்டுகளை நெருக்கமாகக் கோத்து, நடுநடுவே வெள்ளெருக்கின் கிரீடம் போன்ற நடுப்பகுதியை மட்டும் இதழ் நீக்கி வைத்திருந்தார்கள். தாய்லாந்து மாலைகளில் இது வழக்கம். திருமணத்துக்கும் சாமிக்கும் விருந்தினருக்கும் போடுகிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குத் தேக்கா கடையில் எருக்கமாலை தேடி அலையும் நமக்கு, அதை நட்சத்திர விடுதியில் கையில் கட்டிவிடுவது வேடிக்கையாக இருந்தது. அத்தை அன்றிரவு அதைக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை கைப்பையிலிருந்து எடுத்த சிறிய பிள்ளையார் படத்துக்குப் போட்டார்.

அதன் பிறகு அவருடைய பயணம் தனி வழியில் போயிற்று. சக்கர நாற்காலியை ரிசார்ட்டிலேயே இலவசமாகக் கொடுத்தார்கள், முன்கூட்டிச் சொன்னதால். தோட்டத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு செடியாக நின்று அடையாளம் சொன்னார். மஞ்சள், சித்தரத்தையின் உறவுக்காரச் செடி ஒன்று, துளசி மாதிரி இருந்து துளசி இல்லாதது, வெற்றிலைக் கொடி, நந்தியாவட்டை. பிள்ளைகள் முதலில் சலித்தார்கள், பிறகு கைப்பேசியில் படமெடுத்துப் பாட்டி சொன்னது சரியா என்று சோதிக்கத் தொடங்கினார்கள். பாட்டிதான் பெரும்பாலும் ஜெயித்தார்.

தோட்டத்தின் ஒரு மூலையில் தூண்மேல் ஒரு சின்ன வீடு. நிலத்தைக் காக்கும் பிரா பூம் என்ற காவல் தெய்வத்துக்கானது. தாய்லாந்தில் வீடு, கடை, அலுவலகம் எதைக் கட்டினாலும் இப்படி ஒன்றை வைப்பார்கள், பெரிய கட்டடத்தின் நிழல் அதன்மேல் விழாத இடமாகப் பார்த்து. பூ, ஊதுபத்தி, வாழைப்பழம், கூடவே திறந்த சிவப்பு ஃபான்டா பாட்டில். அதில் ஒரு ஸ்ட்ரா.

“சாமிக்கு ஸ்ட்ரா போட்டுக் குடுத்திருக்காங்க பாரு” என்று அத்தை சத்தமாகச் சிரித்தார். பிறகு, “நம்ம எல்லைச்சாமி மாதிரிதான். அவருக்குச் சுருட்டு, இவருக்குக் கலர்” என்றார். சிவப்பு ஃபான்டா வைப்பது தாய்லாந்தில் எங்கும் பார்க்கக்கூடிய காட்சி என்று அங்கே வந்த தோட்டக்காரர் சொன்னார். தினமும் காலையில் மாற்றுவது அவர்தான். அங்கே படமெடுக்கலாம், ஆனால் படையலைத் தொடவோ பிள்ளைகளை மேலே ஏற்றவோ கூடாது. உட்காரும்போது காலை அந்தப் பக்கம் நீட்டாமல் இருப்பது மரியாதை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவர்கள் தாய்லாந்து உணவில் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. காய்கறிக் குழம்பு என்று எழுதியிருக்கும், அதில் காய்கறி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பச்சை, சிவப்பு, மாசமன் எதுவானாலும் அரைத்த விழுதில் கப்பி என்ற இறால் பசை இருக்கும். உப்புக்குப் பதில் நாம் ப்லா என்ற மீன் சாறு. டோம்யாம் சூப்புக்குப் போடும் வறுத்த மிளகாய் விழுதில் பெரும்பாலும் உலர்ந்த இறால் உண்டு. பப்பாளிக்காய் சாலடிலும் இறாலும் மீன் சாறும் இரண்டுமே. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இவை எதுவும் போகாது, ஏனென்றால் சமைக்கிறவருக்கு இவை இறைச்சிக் கணக்கில் வருவதே இல்லை.

சொல்லவேண்டியது ஒரே சொல், ‘ஜே’. சீன வழியில் வந்த தூய சைவ முறை அது. தாய்லாந்துக்காரர் எல்லோருக்கும் புரியும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதிக் கடைகளில் தொங்கவிடுவார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. வெங்காயம், பூண்டும் கிடையாது. நம் வீடுகளில் வெங்காயம் பூண்டு தவிர்க்கிற பெரியவர்களுக்கு இது வரப்பிரசாதம். வெங்காயம் பூண்டு பரவாயில்லை என்றால் ‘மை சை நாம் ப்லா, மை சை கப்பி’ என்று சொல்லலாம், மீன் சாறு போடாதே, இறால் பசை போடாதே என்று. முஸ்லிம் நண்பர்கள் வருவதாக இருந்தால் முயிஸ் என்ற சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். தாய்லாந்து உணவகம் என்பதற்காக அது தானாக வராது.

நான் முன்கூட்டியே சமையலறையில் பேசியது இதற்குத்தான். விழுது அரைப்பது ஒரே தடவையில் பெரிய அளவில் நடக்கும். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் அவர்களால் சோயா சாஸ் போட்டு ஏதோ வதக்கித்தான் கொடுக்க முடியும். இரண்டு நாள் முன்பே சொன்னதால் அத்தைக்காகத் தனியாகக் கொஞ்சம் விழுது அரைத்திருந்தார்கள். பப்பாளிக்காய் சாலடை எங்கள் மேசைப் பக்கத்திலேயே இடித்தார் அந்தச் சமையல்காரம்மா. மண் உரல், மர உலக்கை. பனைவெல்லம், புளித்தண்ணீர், எலுமிச்சை, பச்சை மிளகாய், வறுத்த வேர்க்கடலை. இடிக்கிற கை ஒன்று, கரண்டியால் கிளறிவிடுகிற கை ஒன்று. இந்த உரலில் நேற்று என்ன இடித்தார்கள் என்று கேட்க நான் வாயெடுக்குமுன் அவரே, இது புது உரல், ஜே சாப்பாட்டுக்கு மட்டும் என்றார். கேட்கவேண்டிய கேள்விதான் அது. சாலட் உரலில் புளிக்கவைத்த மீனும் நண்டும் தினமும் இடிபடும், மண் உரல் அதையெல்லாம் உறிஞ்சி வைத்திருக்கும்.

தேங்காய்ப்பால் காளான் சூப், மாசமன், கடைசியில் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும். மாசமன் ஏலக்காய், பட்டை, கிராம்பு வாசனையோடு நம் குருமாவுக்குப் பக்கத்து வீடு. ஒட்டரிசியில் தேங்காய்ப்பால், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, மேலே வறுத்த பாசிப்பருப்பு. அத்தை இரண்டாவது தட்டு கேட்டார். சர்க்கரை நோயாளி என்பதை நான் அந்த நேரத்தில் நினைவூட்டவில்லை, மறுநாள் காலை குளுக்கோமீட்டரே நினைவூட்டியது.

என் கணவருக்கு மட்டும் திருப்தி இல்லை. அவர் இளவயதில் கோல்டன் மைல் கட்டடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர். 1973இல் கட்டி முடித்த அந்த அடுக்குப்படிக் கட்டடம்தான் அப்போது சிங்கப்பூரின் தாய்லாந்து. தென் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்பின. ஞாயிற்றுக்கிழமை தாய்லாந்துக் கட்டுமானத் தொழிலாளர்கள் கூடினார்கள், உள்ளே பேரங்காடி, கரோக்கே, மேசையிலேயே கறி சுடும் முகாட்டா அடுப்புகள். 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். 2023 மே மாதம் கடைகள் காலி செய்தன. “இந்த டோம்யாம் சுற்றுப்பயணிக்குச் செஞ்சது. அங்க குடிச்சா காது அடைக்கும்” என்றார். ரிசார்ட்டுகளில் காரத்தைக் குறைத்துவிடுவார்கள், வேண்டுமென்றால் கேட்டு வாங்கவேண்டும். மறுநாள் கேட்டார், காது அடைத்தது.

இரண்டு நாளும் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவது வேண்டாத செலவு. மதியத்துக்கு நாங்கள் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்துக்குப் போய்வந்தோம். காலை உணவு அறை விலையோடு சேர்ந்திருந்தது. அதில் தாய்லாந்து மூலையில் இருந்த அரிசிக் கஞ்சி வெள்ளையாக அப்பாவியாகத் தெரிந்தாலும் பன்றி இறைச்சி சேர்த்துக் கொதித்தது. பஃபேயில் எதையும் கேட்காமல் தட்டில் போடாதீர்கள்.

மசாஜ்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நுவாட் தாய் என்ற தாய்லாந்து மசாஜ் 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பேங்காக்கின் வாட் போ கோயிலில் மூன்றாம் ராமர் என்ற தாய்லாந்து மன்னரின் காலத்தில் இதன் நுட்பங்களைக் கல்லில் பொறித்துச் சுவரில் பதித்தார்கள். உடலில் ஓடும் பத்து முக்கியத் தடங்களை வைத்துத்தான் அழுத்துகிறார்கள். அவற்றில் முதல் மூன்று நம் சித்தர் பாடல்களில் வரும் இடகலை, பிங்கலை, சுழுமுனையேதான். புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரைத் தங்கள் குருவாக வணங்குகிறார்கள். எனக்கு வந்தவர் வடகிழக்கே இசான் பகுதிக்காரர், ஐம்பது வயது இருக்கும். என் பாதத்தைத் தொடுமுன் கண்மூடி ஒரு கணம் கைகூப்பினார்.

எண்ணெய் கிடையாது. தொளதொளப்பான பருத்திச் சட்டையும் கால்சட்டையும் கொடுப்பார்கள், தரையில் மெத்தை. பாதத்தில் தொடங்கி மேலே போவார்கள். கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, சில நேரம் முழங்கால். கடைசியில் கையையும் காலையும் பிடித்து நீட்டி வளைப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ள நம் பெண்களுக்கு எண்ணெய் மசாஜைவிட இது நிம்மதி. ஆனால் வலிக்கும். வலித்தால் பொறுத்துக்கொள்வது நம் பழக்கம். அங்கே அது தவறான பழக்கம். ‘பௌ பௌ’ என்றால் மெதுவாக என்று அர்த்தம், உடனே அழுத்தம் குறையும். ‘ஜெப்’ என்றால் வலிக்கிறது.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் படுக்கவே கூடாது. கொடுக்கும் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள். அத்தைக்கு நான் முழு மசாஜ் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து எழுவதே அவருக்கு முடியாது. சாய்வு நாற்காலியில் பாதத்துக்கு மட்டும், அதுவும் மென்மையாக. தோளுக்கு மூலிகைப் பொட்டலம். மஞ்சள், லெமன்கிராஸ், பச்சைக் கற்பூரம், இஞ்சி இனத்துப் பிளாய் கிழங்கு எல்லாம் துணியில் கட்டி ஆவியில் வைத்து ஒத்தடம். “நம்ம ஒத்தடம்தான், இதுக்கு இத்தனை வெள்ளியா?” என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

வெள்ளி அதிகம்தான், மறுக்கவில்லை. வெளிக்கடைகளில் கொடுப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பகல் நேரத்துக்குத் தள்ளுபடி இருந்தது. மாலை நேரம் எல்லாம் வெளியாட்களே முன்பதிவு செய்து நிரம்பியிருந்தது. அறை பதிவு செய்யும் அன்றே மசாஜ் நேரத்தையும் வாங்கிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் குளமே உலகம். செப்டம்பரில் விடியற்காலை நேரத்தில் சுமத்ராவிலிருந்து வரும் புயல்மழை திடீரென்று அடிக்கும். மின்னல் அபாயம் என்றால் ஊதல் ஊதி எல்லோரையும் குளத்திலிருந்து ஏற்றிவிடுவார்கள், மழை நின்றாலும் உடனே இறங்க விடமாட்டார்கள். திங்கட்கிழமை காலை அப்படித்தான் ஆயிற்று. விமானங்கள் தாழப் பறப்பதைப் பையன் எண்ணிக்கொண்டிருந்தான். லேசான தூக்கம் உள்ளவர்கள் ஓடுபாதைப் பக்கம் பார்க்காத அறையாகக் கேளுங்கள். தோட்டம் அழகாக இருக்கும் இடத்தில் கொசுவும் இருக்கும். டெங்கி ஊரில் கொசு மருந்து இல்லாமல் கிளம்பக் கூடாது.

மழையால் உள்ளே அடைபட்டதுதான் வாழையிலைப் பட்டறைக்கு எங்களை அனுப்பியது. இலவசம், ஆனால் பெயர் கொடுக்கவேண்டும், பத்துப் பேர்தான் எடுப்பார்கள். பெரும்பாலும் நவம்பர் பௌர்ணமியில் வரும் லாய் க்ராதோங் திருநாளுக்குத் தண்ணீரில் விடும் சிறு தெப்பம் செய்யக் கற்றுத்தந்தார்கள். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, இலைக் கீற்றுகளைத் தாமரை இதழ்போல மடித்துச் சுற்றிலும் குத்தி, நடுவில் பூ, மெழுகுவத்தி, மூன்று ஊதுபத்தி. குத்துவதற்குக் குண்டூசி கொடுத்தார்கள்.

அத்தை குண்டூசியை வாங்கவில்லை. “தண்ணியில விடறதுக்கு இரும்பா? மீன் தின்னா என்ன ஆகும்?” ஈர்க்குச்சி இருக்கிறதா என்று கேட்டார். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு ஈர்க்கு என்றால் புரியவில்லை. தோட்டக்காரர் வெளியே போய்த் தென்னங்கீற்று ஒன்றை முறித்து வந்தார். அத்தை நகத்தால் கிழித்து, விரல் நீளத்துக்கு ஒடித்து, மடிப்பைப் பிடித்து ஒரே குத்தில் நிறுத்தினார். தொன்னை தைத்துப் பழகிய கை. மேசையைச் சுற்றியிருந்த ஜப்பானியக் குடும்பமும் ஈர்க்கு கேட்டது. சொல்லிக்கொடுத்த பெண், பேங்காக்கில் திருநாளுக்கு மறுநாள் லட்சக்கணக்கான தெப்பங்களை ஆற்றிலிருந்து அள்ளுகிறார்கள், நுரைப்பிளாஸ்டிக் குறைந்தாலும் ஊசிகள் இன்னும் வருகின்றன என்றார். வாய்ப்பு இருந்தால் நவம்பரில் அந்தப் பௌர்ணமியை ஒட்டிப் பதிவு செய்யுங்கள். அன்றைக்குக் குளத்திலேயே விடுவார்களாம், நடனமும் உண்டாம். விலையும் ஏறியிருக்கும்.

கணக்கு முடிக்கும்போது ரசீதை வரி வரியாகப் பாருங்கள். எங்கள் ரசீதில் நாங்கள் தொடாத குளிர்பானம் ஒன்று இருந்தது. சொன்னதும் எடுத்துவிட்டார்கள். குளிர்பெட்டியில் பூச்சரம் வைக்க இடம் பண்ணப் பாட்டிலை நகர்த்தியதில், பெட்டிக்குள் இருந்த கருவி அதை நாங்கள் எடுத்துக்கொண்டதாகப் பதிந்திருக்கிறது. உள்ளே போனதும் அந்தப் பெட்டியைக் காலி செய்துதரச் சொல்லிவிடுவது நல்லது. மாத்திரை, இன்சுலின் வைக்கிறவர்கள் கட்டாயம்.

சிங்கப்பூரில் அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் இல்லை, சேவைக் கட்டணத்தில் அது அடங்கிவிட்டது என்பார்கள். மசாஜ் செய்த அம்மாவுக்கும் உரல் இடித்த அம்மாவுக்கும் தோட்டக்காரருக்கும் அத்தை தனித்தனியாக உறையில் போட்டுக் கையில் கொடுத்தார். அந்த 10 விழுக்காடு இவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று வரவேற்பு மேசையில் கேட்டும்விட்டார். ஜொகூர்ப் பையன் சிரித்துவிட்டு, “பாட்டி, வண்டி வந்துருச்சு” என்றார்.